சில்லு பெயர்ந்த கரியடுப்பு

பெங்களூரின் காக்ஸ் டவுனில் நான் குடியிருக்கும் வீட்டின் பின்கட்டில், கொய்யா மரத்தடியில், மூன்று கால்களின்மேல் நிற்கும் உருண்டையான கரியடுப்பொன்று எட்டு ஆண்டுகளாக இருந்து வருகிறது. கெட்டில் கிரில் என்று கடைக்காரர்களால் வழங்கப்படும் அந்த உபகரணத்தின் மூடியைச் சென்ற ஐப்பசி மழையில் அவசர அவசரமாக உள்ளே எடுத்து வந்தபோது, அது என் கை நழுவிக் கருங்கற்படியில் மோதி, விளிம்பில் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்குக் கறுத்த மெருகு தெறித்துப் போய், அதனடியில் ஒளிந்திருந்த இரும்பு வெளியே தெரிந்தது. பெரிய நஷ்டமொன்றும் அன்று. வீட்டில் ஒருவரும் அதை ஒரு விஷயமாகக் கருதவில்லை. ஆயினும் அந்தச் சிறிய வடுவை என்ன செய்வதென்று விசாரிக்கத் தொடங்கியதிலிருந்து, பொருள்களை நாம் எப்படி வைத்துக் காக்கிறோம், எப்படிக் கைவிடுகிறோம் என்பது பற்றிய சில எண்ணங்கள் என்னை விட்டு அகலாமல் இருப்பதால், அவற்றை இங்கே வாசகர்முன் வைக்கிறேன்.

இரண்டு நாள்களுக்குள் எனக்கு மூன்று விதமான ஆலோசனைகள் கிடைத்தன. கண்ணாடித் துணுக்கு உணவோடு வயிற்றுக்குள் போனால் பேராபத்து விளையுமென்றும், ஆகவே அடுப்பை அன்றைக்கே பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதுதான் விவேகமென்றும் நண்பர் ஒருவர் சொன்னார். அடுப்பை வாங்கிய கடையிலோ, மூடி மட்டும் தனியாக வருவதில்லை, முழு அடுப்பையும் புதிதாக வாங்கிக்கொள்வதே வழி என்று, மூடியைக் கையில் வாங்கிக்கூடப் பாராமல் சொல்லிவிட்டார்கள். மூன்றாவதாக, வீலர் சாலைப் பக்கம் மோட்டார் சைக்கிள்களுக்குச் சாயம் அடித்துக் கொடுக்கும் ஒரு தொழிலாளியிடம் கொண்டு போனேன். அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், காயத்தின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார், உட்புறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு, "வெளிய வேணும்னா சைலன்சர் பெயின்ட் அடிச்சுத் தரேன் ஸார். உள்ள மட்டும் அடிக்கச் சொல்லாதீங்க, இது சாப்பாட்டு சாமான்" என்றார். அடித்துக் கொடுத்தால் கூலி கிடைக்கும் இடத்தில், எதை அடிக்கக்கூடாது என்று முதலில் சொன்ன அந்த மனிதரின் வார்த்தையில்தான் நான் இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்பும் கருத்தெல்லாம் அடங்கியிருக்கிறது.

பெயர்ந்தது எது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பாட்டிமார் இந்த வகைப் பாத்திரங்களைப் பீங்கான் என்றே சொன்னார்கள்; நீலக்கரை போட்ட வெள்ளைத் தட்டும், விளிம்பு கறுத்த பெரிய கோப்பையும் பீங்கான்தான். உருது வழியாக நம் மொழிக்கு வந்த பாரசீகச் சொல் அது. ஆங்கிலேயரும் போர்சலின் எனாமல் என்று ஏறக்குறைய அதே பிழையைச் செய்கிறார்கள். உண்மையான பீங்கான் களிமண்ணிலிருந்து பிறப்பது. 1932ஆம் ஆண்டு பெங்களூரில் மைசூர் சமஸ்தானம் நிறுவிய அரசாங்கப் பீங்கான் தொழிற்சாலை, மின்கம்பிகளைத் தாங்கும் வெள்ளைக் குமிழ்களைச் செய்தது அந்த மண்ணைக் கொண்டுதான். எனாமலோ முழுக்க முழுக்கக் கண்ணாடி. மணல், வெண்காரம், சோடா, பொட்டாஷ் முதலியவற்றைச் சேர்த்து உருக்கி, அந்தக் குழம்பைத் தண்ணீரில் கொட்டினால் அது படீரென்று பொடிப்பொடியாக நொறுங்கும். அந்தப் பொடியைச் சிறிது களிமண்ணோடும் நீரோடும் அரைத்துக் கூழாக்கி, எஃகுத் தகட்டின்மேல் தோய்த்தோ தெளித்தோ உலர்த்தி, ஏறத்தாழ 800 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் சில நிமிஷங்கள் உலையில் வைத்தெடுத்தால், பொடி மீண்டும் உருகி, எஃகின்மேல் ஒரே தோலாகப் படிந்துவிடுகிறது. அந்தத் தோலின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான்.

கண்ணாடி எஃகில் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது ரசாயன சாஸ்திரத்தின் அழகான அத்தியாயங்களுள் ஒன்று. அடிப்பூச்சில் சிறிதளவு கோபால்ட், நிக்கல் ஆகியவற்றின் ஆக்சைடுகளைச் சேர்க்கிறார்கள். உலைச்சூட்டில் அவை இரும்பின் மேற்பரப்பை நுண்ணியதாக அரித்து, கண்ணாடி வேர் பிடிப்பதற்கு இடம் செய்து கொடுக்கின்றன. பழைய எனாமல் தட்டு சில்லுப் பெயர்ந்தால் வெள்ளைக்கு அடியில் கருநீலமாக ஒரு படலம் தெரியுமே, அது அந்தக் கோபால்ட்டின் நிறம். இதைவிட விசேஷமான சங்கதி ஒன்று உண்டு. சூடேறும்போது விரிவதும் ஆறும்போது சுருங்குவதும் எஃகுக்குக் கண்ணாடியைக் காட்டிலும் சற்று அதிகம். ஆகையால், உலையிலிருந்து வெளிவந்து இரண்டும் சேர்ந்து ஆறுகையில், எஃகு கூடுதலாகச் சுருங்கித் தன்மேல் படிந்த கண்ணாடியை நிரந்தரமாக இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. இழுத்தால் எளிதில் விரிசல் காணும் கண்ணாடி, அழுத்தினால் மிகவும் தாங்கும் சுபாவமுடையது. கரி கனன்று சூடேறியும், மழைக்காற்றில் குளிர்ந்தும் ஆண்டுக்கணக்கில் இந்த மூடி வெடிக்காமல் இருந்ததன் காரணம், எஃகின் அந்த ஓயாத அணைப்புத்தான்.

அதே அணைப்பு, வளைந்த விளிம்புகளில் எதிரிடையாக வேலை செய்கிறது. தட்டையான இடத்தில் கண்ணாடியைப் பக்கவாட்டில் இறுக்கும் விசை, கூர்மையாக மடிந்த விளிம்பில் அதை வெளிப்புறமாக நெம்பித் தள்ளப் பார்க்கும். எனாமல் பாத்திரங்கள் எப்பொழுதும் வாய்ப்பக்கத்திலும், கைப்பிடி சேரும் இடத்திலும், காதோரத்திலும் முதலில் பெயர்வதன் இரகசியம் இதுதான். கையாண்டவரின் கவனக்குறைவுக்கு மட்டுமே அதில் பழியில்லை. உலையில் எஃகுக்குள் புகுந்த ஹைட்ரஜன் வாயு, ஆறிய பின் சில மணிகளோ சில நாள்களோ கழித்து வெளியேற வழி தேடி, பிறைச் சந்திரன்போன்ற சிறுசிறு துண்டுகளாகக் கண்ணாடியை உரித்தெறிவதும் உண்டு. மீன் செதில் என்றே தொழிற்சாலைகளில் அதற்குப் பெயர். வாங்கிய சில நாள்களில் ஒருவரும் தொடாமலே ஒரு பாத்திரம் இப்படி உரிந்தால், அது செய்தவனுடைய குறை. வாங்கினவர் தயங்காமல் திருப்பிக் கொடுக்கலாம்.

இவ்வளவும் தெரிந்த பிறகு வருவதுதான் கசப்பான முடிவு. பெயர்ந்த எனாமலை, எனாமலாகவே மீண்டும் ஒட்ட வைக்க வீட்டிலோ வீதியிலோ வழியில்லை. மூடி முழுவதையும் உரித்து, புதிதாகப் பூசி, 800 டிகிரி உலையில் ஏற்றினால்தான் அது நடக்கும்; அப்படிப்பட்ட உலை தொழிற்சாலைகளில் இருக்கிறதேயொழியப் பேட்டைகளில் இல்லை. அந்த ஓரிடத்தை மட்டும் ஊதுகுழல் நெருப்பால் சுட்டு உருக்க முயன்றால், சுற்றியிருக்கும் நல்ல கண்ணாடியும் சேர்ந்து வெடிக்கும். குளிர்சாதனப் பெட்டிக்கும் குளியல் தொட்டிக்கும் ஏற்பட்ட ஒட்டுப்பசைகள் புட்டிகளில் கிடைக்கின்றன. அவை எபாக்சி என்னும் பிசின் இனத்தைச் சேர்ந்தவை. கொதிநீரின் சூட்டுக்குமேல் சிறிது தாங்கும். கனலும் கரிக்கு முன் கருகிப் புகைந்துவிடும். புகை உணவில் படியும் அடுப்பில் அத்தகைய பிசினைப் பூசுவது, வடுவை மறைப்பதற்காக விஷத்தை விலைகொடுத்து வாங்குவதாகும். புதிதாகவே ஆக்கித் தருகிறேன் என்று எவரேனும் சொன்னால், அவர் அறியாமல் சொல்கிறார் அல்லது அறிந்தே ஏமாற்றுகிறார்.

அப்படியானால் நண்பர் சொன்னபடி எறிந்துவிட வேண்டியதுதானா? ஒருகாலும் இல்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம். புதுப்பிப்பது வேறு, காப்பாற்றுவது வேறு. முன்னது முடியாது என்பதால் பின்னதையும் கைவிடுவது, பல் விழுந்தவன் சாப்பாட்டையே நிறுத்திவிடுவது போலாகும்.

இந்த அடுப்பு பிறந்த கதையே பழைய பொருளை வேறு கண்ணால் பார்த்ததில் தொடங்கியதுதான். அமெரிக்காவின் சிகாகோ நகருக்கருகே வெபர் பிரதர்ஸ் உலோகத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், திறந்த கரியடுப்புகளில் காற்றும் மழையும் செய்யும் தொல்லையைப் பொறுக்கமாட்டாமல், மிச்சிகன் ஏரியில் மிதக்க விடுவதற்காகத் தம் தொழிற்சாலையில் செய்துவந்த இரும்பு மிதவையை இரண்டு அரைக்கோளங்களாக்கி, கீழ்ப்பாதிக்குக் கால்களும் மேற்பாதிக்குக் கைப்பிடியும் வைத்து, 1952ஆம் ஆண்டு முதல் அடுப்பைச் செய்தார். வெட்டவெளியில் வெயிலிலும் மழையிலும் நிற்பதற்கென்றே பிறந்த பொருள் அது. அதற்கு எனாமலைப்போலப் பொருத்தமான சட்டை வேறில்லை. சாயத்தைப்போல வெளுக்காமலும், ஈயத்தைப்போல உருகாமலும், எண்ணெயும் புளிப்பும் ஊறாமலும் இருக்கும் குணம் அதற்கு உண்டு. பொன்னின்மேல் வண்ணக் கண்ணாடியைச் சுட்டுப் பதிக்கும் ஜெய்ப்பூர் மீனாகாரி வேலையும், பழைய ரயில் நிலையங்களில் மழையிலும் மங்காமல் நின்ற நீலமும் மஞ்சளுமான விளம்பரப் பலகைகளும், வங்காளத்தில் பல்டா என்னும் ஊரில் இருந்த பெங்கால் எனாமல் ஒர்க்ஸ் போன்ற ஆலைகள் செய்து அனுப்பிய ஆஸ்பத்திரித் தட்டுகளும், என் பின்கட்டில் நிற்கும் இந்த அடுப்பும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை.

எங்கள் பேட்டைக்குக் கரியடுப்பு புதிதன்று. 1809ஆம் ஆண்டு முதல் வளர்ந்த பெங்களூர்க் கண்டோன்மென்ட்டுக்குச் சென்னை ராணுவத்தோடும், அதைச் சார்ந்த தொழில்களோடும் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களும், ஆங்கிலோ-இந்தியரும், முஸ்லிம்களும் கலந்து வாழும் பகுதி இது. அதிகாரியாயிருந்த காக்ஸ் துரையின் பெயரை இந்தப் பேட்டை இன்னும் சுமந்து நிற்கிறது. மார்கழியில் கிறிஸ்துமஸ் விருந்துக்காகச் சில வீடுகளில் கரி மூட்டுவதும், ரம்ஜான் மாதத்து இரவுகளில் அடுத்துள்ள பிரேசர் டவுன் மசூதிச் சாலையில் கம்பிகளில் கோத்த இறைச்சியின் மணம் நெடுந்தூரம் பரவுவதும், மழை தூறும் மாலைகளில் தள்ளுவண்டிக்காரர் விசிறியால் வீசி மக்காச்சோளக் கதிர் சுடுவதும் இங்கே பழகிப்போன காட்சிகள். தென்னிந்தியாவின் அடுப்புகளுக்குப் போகும் கரியில் ஒரு பெரும் பகுதி ராமநாதபுரம், சிவகங்கை முதலிய சீமைகளில் சீமைக்கருவேல மரத்தை மூட்டம் போட்டு எரித்துக் கரியாக்கும் ஏழைத் தொழிலாளரின் உழைப்பு என்பதையும் நாம் மறந்துவிடக்கூடாது.

இனிக் காப்பாற்றும் முறைக்கு வருகிறேன். எல்லாக் காயமும் ஒன்றல்ல. எங்கே பெயர்ந்தது என்பதைப் பொறுத்தே செய்ய வேண்டியதும் மாறுகிறது.

மூடியின் அல்லது சட்டியின் வெளிப்புறத்தில் பெயர்ந்தால் உணவுக்கு அதனால் யாதொரு கெடுதலும் இல்லை. சத்துரு துரு ஒன்றுதான். இரும்பு துருவாக மாறும்போது முன்னைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகையால் பெயர்ந்த இடத்தில் பிடித்த துரு, ஓரத்திலுள்ள நல்ல கண்ணாடிக்கு அடியில் புகுந்து, அதை நெம்பிக் கிளப்பி, ரூபாய் அளவான காயத்தை இரண்டு மழைக்காலத்தில் உள்ளங்கை அளவாக்கிவிடும். என் தொழிலாளி செய்தது இவ்வளவுதான்: ஆடிக்கொண்டிருந்த துணுக்குகளைத் தட்டி எடுத்தார்; நயமான உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, இரும்பு பளிச்சிடும் வரை சுத்தம் செய்தார்; தின்னர் தோய்த்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தார்; பிறகு, மோட்டார் சைக்கிள் புகைக்குழாய்க்கு அடிக்கும் சூடு தாங்கும் சாயத்தை மெல்லிய பூச்சாக மூன்று தடவை, ஒவ்வொன்றையும் உலரவிட்டு, அடித்தார். சிலிக்கோன் பிசினால் ஆன அந்த வகைச் சாயம் ஏறத்தாழ 600 டிகிரி வரை தாங்குமென்று அதன் டப்பாவிலேயே அச்சிடுவார்கள். கரி நேரே தொடாத வெளிப்புறம் அவ்வளவு சூட்டை அடைவதில்லை. அது முழுமையாக இறுக வேண்டுமானால் சூடு பட வேண்டும்; ஆகவே முதல் தடவை, உணவொன்றும் வைக்காமல், கொஞ்சம் கரியை மூட்டி, மெள்ள மெள்ளச் சூடேற்றி, புகை அடங்கும் வரை எரிய விட்டேன். இன்று அந்த இடம் சுற்றுப்புறத்தைப்போலப் பளபளப்பதில்லை. சற்று மங்கலாக, திட்டாகத் தெரிகிறது. தெரிந்தால் தெரியட்டும். தழும்பில்லாத உழைப்பாளிப் பொருளை நான் எங்கும் கண்டதில்லை.

சட்டியின் உட்புறத்தில் பெயர்ந்தால் சாயமே கூடாது. அங்கே நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்த வித்தை ஒன்று கைகொடுக்கிறது. புது இரும்புத் தோசைக்கல்லை எப்படிப் பழக்குகிறோமோ அப்படியே இதையும் பழக்கலாம். துருவைத் தேய்த்தெடுத்து, ஈரமில்லாமல் காயவைத்து, எண்ணெயை விரலால் தடவி, தடவியதில் பெரும்பகுதியைத் துணியால் மீண்டும் துடைத்தெடுத்து, மிகமிக மெல்லிய படலமாக விட்டுச் சூடேற்றினால், எண்ணெய் கருகி இறுகி ஒரு கறுத்த தோலாகிவிடும். இரண்டு மூன்று முறை செய்தால் தண்ணீர் ஒட்டாது. சட்டியின் அடியில் கரியின் கனல் நேரே படும் இடத்தில் இந்தப் படலம் எரிந்து போகும். ஆனால் பெயர்ச்சி பெரும்பாலும் விளிம்பிலும் காற்றுத்துளையின் ஓரத்திலுமே நேர்வதால், அங்கே அது நெடுநாள் நிற்கும். அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டால் போதும். தோசைக்கல்லுக்கும் அதைத்தானே செய்கிறோம்.

உணவு நேராகப் படும் வலைத்தட்டு எனாமல் பூசியதாயிருந்து, அதன் கம்பிகளில் மெருகு உரியத் தொடங்கினால், என் நண்பருடைய அச்சம் அங்கே முழுவதும் நியாயமானது. கண்ணாடியின் கூரிய துணுக்குகள் இறைச்சியிலோ காய்கறியிலோ ஒட்டிக்கொண்டு போகக்கூடும். அதற்கு எந்த வைத்தியமும் கிடையாது. ஈவு இரக்கமின்றி அந்தத் தட்டைக் கழித்துவிட வேண்டும். எவர்சில்வர்க் கம்பியில் அதே அளவில் புதியதொன்று செய்து தரும் வெல்டிங் கடை சிவாஜிநகர்ப் பக்கம் தேடினால் கிடைக்கும். அடுப்பு முழுவதையும் எறியத் தேவையில்லை.

இன்னொரு பொய்க் காயமும் உண்டு. அது பல நல்ல அடுப்புகளைக் குப்பைக்கு அனுப்பியிருக்கிறது. மூடியின் உட்புறம் கறுப்புக் கறுப்பாக உரிந்து தொங்குவதைக் கண்டு, எனாமல் பெயர்கிறது, அல்லது உள்ளே அடித்த சாயம் உதிர்கிறது என்று அநேகர் பதறுகிறார்கள். மூடியின் உள்ளே சாயம் எதுவும் இல்லை. அது கொழுப்பும் புகையும் நாளடைவில் படிந்து கரியாகிய அடை. விரலால் நசுக்கினால் மாவாகப் பொடியும். கண்ணாடியாயிருந்தால் பொடியாது, குத்தும். இளஞ்சூட்டிலேயே கசக்கிய செய்தித்தாளாலோ தேங்காய் நாராலோ தேய்த்தால் போய்விடும். கம்பித் தூரிகையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அது மெருகைக் கீறும், உதிர்ந்த கம்பி உணவிலும் சேரும். வலைத்தட்டைச் சுத்தம் செய்யப் பாதியாக நறுக்கிய வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தித் தேய்ப்பதே, தோசைக்கல்லில் செய்வதுபோல, போதுமானது.

வருமுன் காக்கும் காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனலும் அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைக்கக்கூடாது; எஃகும் கண்ணாடியும் வெவ்வேறு வேகத்தில் சுருங்கி, இறுக்கம் தளர்ந்து, நூல்போல விரிசல் விழும். காற்றுத்துளைகளை மூடினால் கரி தானே அணையும். சாம்பலைச் சட்டியிலேயே விட்டுவைத்தால் அது மழையீரத்தை உறிஞ்சிக் காரமாகிறது. நம் முன்னோர் சாம்பலைக் கரைத்துத் துணி வெளுத்தது அந்தக் காரத்தைக் கொண்டுதான். ஈரம் தங்கிய சாம்பல் இரும்பில் துருவேற்றும்; அந்தக் காரம் காலப்போக்கில் கண்ணாடியின் பளபளப்பையும் தின்னும். ஆடி முதல் கார்த்திகை வரை ஏதாவதொரு மழையைக் காணும் பெங்களூரில் சாம்பலை மறுநாளே அகற்றுவது, மற்ற எல்லா யோசனைகளையும்விடப் பயனுடையது.

இதுவரை சொன்னது வீட்டு விஷயம். ஆனால் இது வீட்டோடு முடிகிற விஷயமன்று. ஈயம் பூசுகிறவர் துருத்தியோடு தெருத்தெருவாக வந்து, பித்தளைப் பாத்திரங்களை வெள்ளியாக மின்னச் செய்து கொடுத்த காலத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனாமல் பாத்திரம் ஓட்டையானால் சிறிய தகரவில்லையை வைத்து இறுக்கி அடைத்துக் கொடுப்பவரும் அப்போது உண்டு. அவர்கள் மறைந்ததற்கு அலுமினியமும் எவர்சில்வரும் மட்டும் காரணமல்ல. பழுதை ஆராய்ந்து சொல்லும் அறிவுக்கு விலை கொடுக்க நாம் மறுத்துவிட்டோம். புதியது வாங்கும் ஆயிரங்களை மகிழ்ச்சியோடு கொடுப்பவர்கள், பழையதைச் சீர்செய்யும் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். அடுப்புக் கடையில் எனக்குக் கிடைத்த பதிலும் அந்த மனப்பான்மையின் விளைவுதான். விற்பவர் நம்மிடமிருந்து கற்றுக்கொண்டதை நமக்கே திருப்பிச் சொல்கிறார்.

நம்பிக்கைக்கும் இடமிருக்கிறது. 2009ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா என்னும் பெண்மணி தொடங்கிய ரிப்பேர் கஃபே என்னும் இயக்கத்தைப் பின்பற்றி, 2015இல் பூர்ணா சர்க்கார், அந்தரா முகர்ஜி என்னும் இருவர் இதே பெங்களூரில் அதற்கொரு கிளையை ஏற்படுத்தினார்கள். உடைந்த மிக்சியையும் கிழிந்த பையையும் கொண்டுவருபவர், கைதேர்ந்தவர் பக்கத்தில் அமர்ந்து தாமே பழுதுபார்க்கக் கற்றுக்கொள்வது அதன் முறை. 2022ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கத்தின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய ஒரு குழுவை நியமித்தது. அவ்வாண்டு டிசம்பர் 24ஆம் தேதி அதற்கெனத் தனியான இணையதளமும் தொடங்கப்பட்டது. விவசாயக் கருவிகள், கைப்பேசிகள், நீடித்து உழைக்கும் வீட்டுச் சாமான்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டார்கள். நல்ல ஆரம்பம். ஆயினும் கைப்பேசியின் மின்கலத்துக்காக எழும் குரல், ஓர் அடுப்பின் மூடிக்காக எழுவதில்லை. உதிரிப் பாகம் என்றால் மின்சாரச் சாமானுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. மூடி, சட்டி, வலைத்தட்டு என்று மூன்றே பாகமுள்ள ஒரு பொருளில் ஒன்று கெட்டால் மூன்றையும் மாற்றச் சொல்வதை எந்தத் தர்மமும் ஒப்புக்கொள்ளாது.

புதிய மூடி செய்வதைவிடப் பழையதை மீண்டும் உலையேற்றுவது செலவு மிகுந்தது என்று உற்பத்தியாளர் சொல்லக்கூடும். அவர்கள் கணக்கு சரியாகவே இருக்கலாம். உரித்து, பூசி, சுடுவதற்கு ஆகும் எரிபொருளையும் நான் மறுக்கவில்லை. அப்படியானால் மூடியைத் தனியாக விற்கட்டும். பெட்டியோடு தரும் கையேட்டில், எனாமல் பெயர்ந்தால் எந்த இடத்தில் அஞ்ச வேண்டும், எந்த இடத்தில் அஞ்ச வேண்டாம் என்பதைக் கன்னடத்திலும் தமிழிலும் ஒரு பக்கம் அச்சிடட்டும். இந்த இரண்டையும் செய்வதற்குச் சட்டம் தேவையில்லை; மனம் இருந்தால் அடுத்த மாதமே செய்யலாம். ஒரு டன் எஃகு உண்டாக்க ஏறத்தாழ இரண்டு டன் கரியமில வாயு வெளியாகிறது என்பதை அறிந்த காலத்தில் நாம் வாழ்கிறோம். நாணயமளவு வடுவுக்காகக் கிலோக்கணக்கான எஃகைக் குப்பையில் சேர்ப்பதற்கு இனி எந்தச் சமாதானமும் இல்லை.

என் மூடிக்கு ஆன செலவு நூற்றைம்பது ரூபாய். அந்தத் தொழிலாளி நூறுதான் கேட்டார். உள்ளே அடிக்கக்கூடாது என்று சொன்னதற்காக மீதி ஐம்பதைக் கொடுத்தேன். இதை வாசிப்பவர்கள் வீட்டிலும் இப்படியொரு கரியடுப்போ, பாட்டியின் எனாமல் தட்டோ எங்காவது ஒரு மூலையில் கிடக்கக்கூடும். அடுத்த மழைக்கு முன் அதை வெளியே எடுத்து, விளிம்பைச் சுற்றி ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். பெயர்ந்திருந்தால், எறிவதற்கு முன் உங்கள் தெருவில் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்கக்கூடிய ஒருவரிடம் கொண்டு போங்கள்.